வேலையில் இருக்கும் நர்ஸுக்கு மேல்படிப்பு – நூற்றைம்பது ஆண்டுப் படிக்கட்டு
(மெக்கானிக்கல், 2008–12 அணி மாணவர்)



மெக்கானிக்கல் படித்தவனுக்கு நர்ஸிங் சரித்திரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் எளிது. என் துணைவியார் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். பத்து வருஷத்துக்கு மேல் வார்டு அனுபவம். "இனிமேல் என்ன படிக்கலாம், படித்தால் என்ன ஆகலாம்?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம் சங்கக் குடும்பங்களில் நர்ஸாக வேலை பார்க்கும் சகோதரிகள், மனைவியர், மகள்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீடுகளிலும் இதே பேச்சு இருக்கும். பதில் தேடப்போன இடத்தில் ஒரு சரித்திரமே கிடைத்தது. அதை இந்த மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம்ம துறையில் ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ படிக்கலாம். டிப்ளமோக்காரர் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பி.ஈ. முடிக்கலாம், ஏ.எம்.ஐ.ஈ. எழுதலாம். அப்படி ஏறி வந்தவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. நர்ஸுக்கு இப்படி ஒரு படிக்கட்டு நம் நாட்டில் எப்படி வந்தது?

முதல் படிகள்

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1860-ல். சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி 1871-ல் தொடங்கிவிட்டது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கினார். அந்தக் காலப் பயிற்சியில் வார்டுதான் வகுப்பறை. பயிற்சி முடிந்தால் வேலை. அதற்கு மேல் படிப்பு என்று ஒன்று கிடையாது.

சென்னை மாகாணத்தில் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது 1926-ல். தகுதி பெற்றவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் முறை அதனால் வந்தது. இன்று "ரிஜிஸ்டர்ட் நர்ஸ்" என்று சொல்கிறோமே, அதற்கு நம் மாகாணத்தில் அஸ்திவாரம் இதுதான். முதல் பயிற்சியிலிருந்து இந்த ஒரு படிக்கு 55 வருஷம் ஆகியிருக்கிறது!

1943-ல் சர் ஜோசப் போர் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1946-ல் வந்த அதன் அறிக்கையைப் படித்தால் மனம் கனக்கும். 30 கோடி மக்களுக்கு இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேர்தான். அதாவது 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அப்போது பிரிட்டனில் 300 பேருக்கு ஒருவர் இருந்தார்.

அதே 1946-ல் டில்லியிலும் வேலூரிலும் பி.எஸ்ஸி. நர்ஸிங் தொடங்கியது. வேலூர் படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. டில்லிக் கல்லூரி பின்னாளில், சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கியது. 1947-ல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது. நாடு முழுவதும் படிப்புக்கு ஒரே தரம் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வாசலில் நின்றவர்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டப்படிப்பு பள்ளி முடித்துப் புதிதாக வருபவருக்கானது. ஏற்கெனவே பயிற்சி முடித்து, நைட் டூட்டி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் வாசலில்தான் நின்றார். அவருக்குக் கதவு திறந்தது 1960களில். சான்றிதழ் பெற்ற நர்ஸ்கள் இரண்டு வருஷத்தில் பட்டம் பெறும் படிப்பு அப்போதுதான் வந்தது. இன்று "போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி." என்கிறோம். ஆனாலும் வேலையை விட்டோ, விடுப்பு எடுத்தோதான் படிக்க வேண்டியிருந்தது. சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது லேசான காரியமா? 1994-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியில் உள்ள நர்ஸ்களுக்காக இதே பட்டத்தைத் தொடங்கியது. நம்ம மாலை வகுப்பு பி.ஈ.க்கு நிகரான படி என்று இதைச் சொல்லலாம்.

மேல் படிகளும் மெதுவாகத்தான் வந்தன. டில்லியில் 1959-ல் முதுநிலைப் படிப்பு, 1986-ல் எம்.பில்.; பிறகு பி.எச்டி.

படிக்கட்டு எங்கே கொண்டுபோய் விட்டது?

என்னை யோசிக்கவைத்தது இதுதான். எம்.எஸ்ஸி. முடித்தவர் பெரும்பாலும் கல்லூரியில் டியூட்டர், லெக்சரர் ஆனார். பதவி உயர்வு பெற்றவர் சூப்பரின்டென்டென்ட் ஆகி டூட்டி சார்ட்டும் ஃபைலும் பார்த்தார். இரண்டும் அவசியமான வேலைகள்தான். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடும் அனுபவசாலி, படித்த பிறகு அந்தக் கட்டிலை விட்டே போய்விடுகிறார். நல்ல கைத்திறன் உள்ள டர்னரை லேத்திலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்காரவைப்பது போலத்தான்!

இதற்கு ஒரு மாற்று 1965-லேயே அமெரிக்காவில் பிறந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் நல மருத்துவரும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். நர்ஸே குழந்தையைப் பரிசோதித்து, சாதாரண நோய்களைக் கவனிக்கும் பயிற்சி அது. "நர்ஸ் பிராக்டீஷனர்" என்ற பதவி அதிலிருந்து வந்தது. லொரெட்டா ஃபோர்டு தம் 104-ஆம் வயதில், 2025 ஜனவரியில் காலமானார். தாம் போட்ட விதை பல நாடுகளில் மரமானதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நம் நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டீஷனர் முதுநிலைப் படிப்பு 2017-ல் தொடங்கியது. இரண்டு வருஷம், பெரும்பகுதி ஐ.சி.யூ.விலேயே பயிற்சி. மேலே படித்தும் நோயாளியின் பக்கத்திலேயே இருக்கலாம் என்ற வழி, கொலராடோவுக்கு ஐம்பது வருஷம் கழித்து இங்கே வந்திருக்கிறது.

இன்று உள்ள வழிகள்

ஜி.என்.எம். முடித்தவருக்கு இரண்டு வருஷ போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி. பட்டம் உள்ளவருக்கு ஒரு வருஷ அனுபவத்துக்குப் பின் எம்.எஸ்ஸி. அதில் மருத்துவ–அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூக நலம் என ஐந்து பிரிவுகள். நீண்ட படிப்புக்கு நேரம் இல்லாதவருக்குத் தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றில் ஒரு வருஷச் சிறப்பு டிப்ளமோக்கள். கட்டிலை விட மனம் இல்லாதவருக்கு நர்ஸ் பிராக்டீஷனர். வெளிநாடு போக நினைப்பவருக்கு அந்தந்த நாட்டுத் தகுதித் தேர்வு. அமெரிக்கா என்றால் என்கிளெக்ஸ். எதில் சேர்வதானாலும் முறையான அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். 1947 சட்டத்தின் இடத்தில் புதிய ஆணையம் அமைக்க நாடாளுமன்றம் 2023-ல் சட்டம் இயற்றியிருக்கிறது. விதிகள் மாறும் காலம் இது.

படிகள் இருந்தால் மட்டும் போதுமா? ஏறுவதற்குத் தெம்பு வேண்டும். தமிழ்நாட்டில் தொகுப்பூதிய நர்ஸ்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராடியதை நாம் பார்த்தோம். மாதச் சம்பளமே நிச்சயமில்லாதவரிடம் "மேலே படியுங்கள்" என்று எப்படிச் சொல்வது? படித்து வந்த பிறகும் பழைய வார்டு, பழைய சம்பளம் என்றால் யாருக்குத்தான் ஊக்கம் வரும்?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவி நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒருவருக்காவது, பணியில் இருந்துகொண்டு மேல்படிப்பில் சேரும் நர்ஸ் ஒருவருக்கு உதவலாம். சங்க உறுப்பினர் குடும்பத்தவராக இருந்தாலும் சரி, நம் கல்லூரி இருக்கும் ஊர்க்காரராக இருந்தாலும் சரி. சொந்தமாக மருத்துவமனை நடத்தும் நண்பர்களும், நிர்வாகத்தில் இருப்பவர்களும் சம்பளத்தோடு கூடிய படிப்பு விடுப்பு பற்றி யோசிக்க வேண்டும். கொரோனா நாட்களில் 2020-லும் 2021-லும் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கை தட்டினோம், விளக்கு ஏற்றினோம். அவர்கள் அடுத்த படி ஏற இப்போது கை கொடுப்போம்.

பொதுக்குழுவில் இதைப் பேசுவோம், வாருங்கள்.