வேப்பெண்ணெய் யாருக்குச் சொந்தம்?

தானியத்தில் வேப்பிலை போட்டு வைத்தால் வண்டு வராது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தால் பயிரில் பூச்சி அண்டாது. இதெல்லாம் நம் பாட்டிகளுக்கே தெரியும். அப்புறம் எப்படி இதில் ஒருவர் காப்புரிமை வாங்க முடிந்தது?

முதலில் கொஞ்சம் அறிவியல். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்பமரங்களை மட்டும் விட்டுவைத்ததை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஷ்முட்டரர் கவனித்தார். 1968-ல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இது பூச்சியை உடனே கொல்லும் விஷம் அல்ல. இலையைத் தின்னவிடாது. மீறித் தின்ற புழு, சரியாகத் தோலுரித்து வளர முடியாது.

வேப்பெண்ணெய் பூஞ்சண நோய்க்கும் ஆகும். வழக்கு வந்தது இங்கேதான். 1994-ல் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம், பயிர்களில் வரும் பூஞ்சணத்தை வேப்பெண்ணெயால் கட்டுப்படுத்தும் ஒரு முறைக்கு, டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க விவசாயத் துறைக்கும் சேர்த்துக் காப்புரிமை கொடுத்தது. பலர் நினைப்பதுபோல வேப்பமரத்துக்கே அல்ல, ஒரு முறைக்குத்தான். ஆனாலும் காப்புரிமை என்பது 20 வருட ஏகபோகம் ஆயிற்றே!

1995-ல் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மக்தா ஏல்வோட், இயற்கை விவசாய இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியோர் ஆட்சேபணை தெரிவித்தனர். 2000 மே மாதம் மியூனிக்கில் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8-ல் தள்ளுபடியானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2000-ல் கைகொடுத்தது பாட்டி வைத்தியப் பெருமை அல்ல. விண்ணப்பத்துக்கு முன்பே மகாராஷ்டிராவில் வேப்பெண்ணெய்ச் சாற்றைப் பயிர்களில் தெளித்துச் சோதித்திருந்த இந்தியத் தொழிலதிபர் ஒருவரின் சாட்சியம்தான். 'இது புதிது அல்ல' என்று காட்ட, எப்போது, எங்கே என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏற்பாரா? காப்புரிமை அலுவலகமும் ஓர் ஆடிட்டர் மாதிரிதான். வாய்மொழியாக மட்டும் இருக்கும் அறிவு அதன் கண்ணில் படாது. அதனால்தான் 2001-ல் இந்தியா பாரம்பரிய மருத்துவ அறிவை மின்நூலகமாகத் தொகுக்கத் தொடங்கியது.

ஊரில் பாட்டி, தாத்தா யாராவது பூச்சிவிரட்டிக் கரைசல் தயாரித்தால், எந்த இலை, எவ்வளவு, எந்தப் பயிருக்கு என்று கேட்டு எழுதுங்கள். மறக்காமல் தேதியும் போடுங்கள்!