பங்காளியா, பயனாளியா? – மூன்று தீவுகளும் ஒரு சொல்லும்

2014 செப்டம்பரில் சமோவாவின் ஆப்பியா நகரில் சிறு தீவு நாடுகளுக்கான ஐ.நா.வின் மூன்றாவது மாநாடு கூடியது. 'உண்மையான, நீடித்த கூட்டு' வழியாகத் தீவுகளின் நிலைத்த வளர்ச்சி என்பது அதற்கு வைக்கப்பட்ட பொருள். அரசுகள், கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் கைகோத்து ஏறக்குறைய முந்நூறு கூட்டுகளைப் பதிவு செய்துகொண்டன. எனக்கு உறுத்தியது அந்த 'உண்மையான' என்ற அடை. நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும், அடைகளில் இனமுள்ளவை உண்டு, இனமில்லாதவை உண்டு. 'செஞ்ஞாயிறு' என்றால் கருஞ்ஞாயிறு ஒன்று இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. 'செந்தாமரை' என்றால் வெண்தாமரையும் எங்கோ இருக்கிறது. 'உண்மையான கூட்டு' இரண்டாவது வகை. பொய்யான கூட்டு எது, அது எங்கே எப்போது நடந்தது என்பதை மாநாட்டுத் தலைப்பு சொல்லாது. அடையை மட்டும் விட்டுவிட்டுப் போகும். சொல்லாதது எங்கே போய்ப் பதுங்கியிருக்கிறது என்று வரலாற்றில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பசிபிக்கில் நௌரு என்று ஒரு தீவு. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர், சுற்றிவர ஒரு காலைப்பொழுது போதும். 1888ல் ஜெர்மனி இதை எடுத்துக்கொண்டது. 1900 வாக்கில் அந்த மண் முழுக்கப் பாஸ்பேட் என்று கண்டுபிடித்தார்கள். 1907ல் அது கப்பலேறத் தொடங்கியது. நிலத்துக்காரருக்கு ஆரம்பத்தில் டன்னுக்கு அரைப் பென்னி. முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படை தீவைப் பிடித்தது. 1919ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டு, கம்பெனியை வாங்கி, பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள் என்ற அமைப்பின் கையில் கொடுத்தன. பங்கு 42, 42, 16. எடுத்த பாஸ்பேட்டைச் சந்தை விலைக்குக் கீழே தங்கள் விவசாயிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் சத்தில்லாத மேய்ச்சல் நிலங்கள் பச்சை பிடித்ததில் நௌருவின் மண்ணுக்குப் பங்குண்டு.

இந்த மூன்று அரசுகளுக்கும் ஆவணங்களில் என்ன பெயர் தெரியுமா? 'கூட்டாளி அரசுகள்'. அரசும் வணிகமும் கைகோத்த கூட்டு, சர்வதேச சங்கத்தின் ஆணையோடு, தீவு மக்களின் நல்வாழ்வு 'நாகரிகத்தின் புனிதக் கடமை' என்ற பிரகடனத்தோடு. இன்றைய மாநாட்டு மொழியில் உள்ளதெல்லாம் அப்போதே வந்துவிட்டது. நௌருக்காரர் மட்டும்தான் அந்தக் கூட்டில் இல்லை. அவருக்குக் கிடைத்தது ராயல்டி. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் சொல்லில் சொன்னால் அவர் 'பயனாளி'.

இங்கே தமிழின் மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. பயனாளி, பங்குதாரர், பங்காளி. பயனாளி என்பவர் வரிசையில் நிற்பவர். கொடுப்பதை வாங்கிக்கொள்வார், எவ்வளவு ஏன் என்று கேட்க மாட்டார். பங்குதாரர் முதல் போட்டவர்; பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டு நடையைக் கட்டலாம். பங்காளி வேறு ஜாதிச் சொல். அவனோடு சண்டை உண்டு, 'பங்காளிக் காய்ச்சல்' என்று ஒரு நோயே உண்டு. பிறப்பிலேயே அவனுக்குப் பங்கு இருக்கிறது. அவன் கையெழுத்துப் போடாமல் பூர்வீக நிலத்தை விற்றால் கிரயம் செல்லாது. விட்டுவிட்டுப் போகவும் அவனால் முடியாது. வளர்ச்சிச் சொல்லாடலில் 'கூட்டு' என்ற வார்த்தை வருகிறபோதெல்லாம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: தீவுக்காரர் இந்த மூவரில் யார்? அவர் கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்குமா, நடக்காதா?

நௌருவில் நடந்தது. சுண்ணாம்புக்கல் கூர்கள் மட்டும் பல்லைக் காட்டி நிற்கிற பாழ்நிலமாகத் தீவின் நடுப்பகுதி ஆனது. தீவே வாழத் தகுதியற்றுப் போகும் என்று தெரிந்தபோது கூட்டாளி அரசுகளுக்கு ஒரு யோசனை வந்தது: மக்களை ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள கர்ட்டிஸ் தீவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றிவிடலாம். 1964ல் நௌருக்காரர்கள் முடியாது என்று சொன்னார்கள். தனி நாடாக இருக்க அங்கே இடமில்லை, ஆஸ்திரேலியக் குடிமக்களாகக் கரைந்துபோக வேண்டும் என்பது காரணம். என் வாசிப்பில், அந்த மறுப்பில்தான் அவர்கள் பங்காளியாக எழுந்து நிற்கிறார்கள். 1968 ஜனவரி 31ல் விடுதலை. 1970ல் சுரங்கத்தை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்கள். தங்கள் மண்ணைத் தோண்டும் உரிமைக்குத் தாங்களே காசு கொடுத்தார்கள்.

1989ல் நௌரு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குப் போட்டது: விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்து தா என்று. ஆஸ்திரேலியாவின் ஆட்சேபனைகளில் ஒன்று, நாங்கள் மூன்று பேர் கூட்டு, மற்ற இருவர் இல்லாமல் என்னை மட்டும் எப்படி விசாரிப்பாய் என்பது. லாபத்தைப் பிரிக்க 42, 42, 16 என்று கணக்கு இருந்தது. பழியைப் பிரிக்கிற இடத்தில் கூட்டு ஒரு புகைமூட்டமாக ஆகிவிடுகிறது. 1992ல் நீதிமன்றம் இந்த வாதத்தைத் தள்ளியது. 1993ல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. விடுதலைக்குப் பிறகு நௌரு அரசும் அதே பாஸ்பேட்டைத்தான் தோண்டியது, வந்த பணம் எப்படியெல்லாமோ கரைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மறுக்கும் உரிமை மட்டும் ஒரு தீவைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாமல் எதுவும் தொடங்காது என்பதுதான் என் கட்சி.

*

சரி, அது காலனியத்தின் கதை, பிற்காலத்தில் நல்ல மனிதர்கள் சேர்ந்து செய்த கூட்டு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பிலிப்பைன்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னத் தீவுகள். இரண்டிலும் அதே பல்கலைக்கழகம், அதே விஞ்ஞானி. ஒப்பிட்டுப் பார்க்க வரலாறு இவ்வளவு வசதி செய்து கொடுப்பது அபூர்வம்.

துமகேத்தே நகரில் உள்ள சில்லிமான் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலா. 1970களில் அந்தக் கடலில் வெடி போட்டு மீன் பிடித்தார்கள், சயனைடு கலந்தார்கள், 'மூரோ-ஆமி' என்ற முறையில் நீந்துகிறவர்கள் கல்லால் பவளப்பாறையைத் தட்டி மீனை வலைக்கு விரட்டினார்கள். பாறையே உடைந்துபோனது. 1974ல் சில்லிமானும் செபு மாகாணத்தின் ஒஸ்லோப் நகராட்சியும் பேசி, சுமிலோன் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் கால்பங்கை மீன்பிடிக்காத இடமாக ஒதுக்கின. பிலிப்பைன்ஸின் ஆரம்பகாலக் கடல் காப்பிடங்களில் ஒன்று. சுமிலோனில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் யாரும் கிடையாது. எதிர்க்கரை ஊர்களிலிருந்து வந்து மீன்பிடித்துவிட்டுப் போவார்கள்.

பத்து வருஷம் போனது. ஒதுக்கிய இடத்தில் மீன் பெருகியது. பெருகிய மீன் வேலிக்கு வெளியிலும் வந்தது. விஞ்ஞானம் ஜெயித்தது. ஆனால் ஒப்பந்தம் பல்கலைக்கழகத்துக்கும் நகராட்சிக்கும் நடுவில் இருந்தது. நகராட்சியில் அரசியல் காற்று திசை மாறியதும் காவல் குலைந்தது, 1984ல் எல்லோரும் உள்ளே புகுந்தார்கள், வெடியும் மூரோ-ஆமியும் சேர்ந்துதான். பதினெட்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் தீவைச் சுற்றிக் கிடைத்த மொத்த மீன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. முன்னைவிட அதிக இடத்தில் பிடித்தார்கள், முன்னைவிடக் குறைவாகக் கிடைத்தது. அல்காலாவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் காரி ரஸ்ஸும் 1990ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். காப்பிடம் மீனவனுக்கு லாபம் என்பதற்கு உலகம் அதை நேரடி நிரூபணமாக எடுத்துக்கொண்டது. எனக்கோ அது வேறொன்றையும் நிரூபிப்பதாகப் படுகிறது. நிரூபணம் கையில் இருந்தும் காப்பிடம் போய்விட்டதே! இரண்டு அலுவலகங்களுக்கு இடையிலான கூட்டில் ஒரு அலுவலகம் கையை உதறினால் போதும். கரையில் நின்று 'ஏய், இது எங்க இடம்' என்று கத்துவதற்கு ஆள் இல்லை.

அப்போ தீவில் ஆள் இருந்தது. தௌயின் நகராட்சியைச் சேர்ந்த, 74 ஹெக்டேர் பரப்புள்ள எரிமலைத் தீவு. சில நூறு பேர், மீன்பிடி பிழைப்பு. சில்லிமான்காரர்கள் 1970களின் கடைசியில் இங்கே பேச வந்தார்கள். வந்து அறிவித்துவிட்டுப் போகவில்லை; சுமார் மூன்று வருஷம் பேசினார்கள். ஏற்கெனவே மீன் குறைந்து, தூரம் துடுப்புப் போட்டுப்போய்த்தான் பிடிக்க முடிகிற நிலை. இருக்கிற கொஞ்ச இடத்தில் ஒரு பகுதியை மூடச் சொன்னால் யாருக்குக் கோபம் வராது? தீவுக்காரர்களைச் சுமிலோனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 1982ல் பதினான்கு குடும்பங்கள் மட்டும் சரி என்றன. கரையோரம் சுமார் 450 மீட்டர், தங்கள் மீன்பிடிப் பரப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. கரையில் ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தால் போதும், காவல் முடிந்தது. மற்றவர்கள் 1985ல்தான் வந்து சேர்ந்தார்கள். பிறகு நகராட்சி ஆணை வந்தது: தீவைச் சுற்றி வெடி, விஷம், மூரோ-ஆமி கூடாது; தூண்டில், கூடு, வலை மட்டும்.

'சமூகம்' என்ற சொல்லை ஒற்றைக் கல்லாகச் செதுக்கி வைப்பவர்கள் இந்தப் பதினான்கைக் கவனிக்க வேண்டும். ஊர் ஒருமனதாக எழுந்து வரவில்லை. மறுத்தவர்கள் இருந்தார்கள், மறுப்பதற்கு இடம் இருந்தது, மூன்று வருஷம் கண்ணால் பார்த்துவிட்டுத் தாங்களாக வந்தார்கள். இதைப் பலகீனம் என்று திட்ட அறிக்கை எழுதுவார்கள். எனக்கு இதுதான் அந்தக் கூட்டின் உறுதி என்று தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடியவனின் சம்மதத்துக்குத்தான் எடை உண்டு. மீன் திரும்பியது, முக்குளிக்கும் பயணிகள் வந்தார்கள், நாட்டின் மற்ற கரைகளில் நூற்றுக்கணக்கான சிறு காப்பிடங்களுக்கு அப்போ முன்மாதிரி ஆனது. அல்காலாவுக்கு 1992ல் மகசேசே விருது.

கதையை இங்கே நிறுத்தினால் சுபம். ஆவணப்படங்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகின்றன.

1992ல் பிலிப்பைன்ஸ் தேசியப் பாதுகாப்புப் பகுதிகள் சட்டம் வந்தது. 1994 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ராமோஸின் பிரகடனம் அப்போவைத் தேசியப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. சிறு தீவுகளுக்கான முதல் ஐ.நா. மாநாடு பார்படாஸில் கூடிய அதே வருஷம். தீவுக்காரர்களின் சொந்தக் குழு கையில் இருந்த நிர்வாகம், அரசுத் துறை, நகராட்சி, பல்கலைக்கழகம், ஊர்ப் பிரதிநிதிகள் எல்லாம் உட்காரும் வாரியத்துக்குப் போனது. பல துறைக் கூட்டு என்று எந்த மாநாட்டிலும் மார்தட்டலாம். பயணிகள் கட்டும் கட்டணத்தில் முக்கால் பங்கு தீவுக்கு, கால் பங்கு மத்திய நிதிக்கு. ஆனால் பணம் முதலில் அரசுக் கருவூலம் போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. தாமதம், மனு, காத்திருப்பு. பங்காளி மறுபடி வரிசையில் நின்றான். இந்தப் பிரகடனம் வந்தபோது மணிலாவில் சுற்றுச்சூழல் துறை அமைச்சர் யார்? 1992 முதல் 1995 வரை அந்தப் பதவியில் இருந்தவர் அதே அல்காலா.

இதைத் துரோகம் என்று எழுதினால் வரிக்கு வீச்சு வரும், உண்மை வராது. சுமிலோனில் உள்ளூர் அரசியலால் காப்பிடம் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். தேசியச் சட்டம் அதற்கு மேலே ஒரு கூரை. கூரை வேண்டியதுதான். கூரை போடுகிறவனே வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொள்வது ஏன் என்பதுதான் கேள்வி. தனிமனிதரின் நல்லெண்ணத்தை மீறி இயங்குகிற ஒரு தர்க்கம் அதிகாரத்துக்கு உண்டு: எதையும் பாதுகாக்க அது முதலில் அதைத் தன் பேரில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தீவுக்காரருக்கு வாரியத்தில் நாற்காலி கிடைத்தது. நாற்காலியும் கையெழுத்தும் ஒன்றாகிவிடுமா? பல பேரில் ஒருவராக உட்கார்ந்து கை தூக்குபவர், 1982ல் முடியாது என்று வீட்டுக்குப் போகக்கூடியவராக இருந்தவரைவிடச் சிறியவர்.

2011 டிசம்பரிலும் 2012 டிசம்பரிலும் வந்த இரண்டு சூறாவளிகள் அப்போவின் காப்பிடத்துப் பவளத்தைப் பெரும்பாலும் நொறுக்கிவிட்டன. வெடி போட்டவனை விரட்டலாம். சூடேறும் கடலை யார் விரட்டுவது? ஆகவே தீவு தனியாக வாழ்ந்துவிடும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆய்வுக்கூடம் வேண்டும், அரசு வேண்டும், பணமும் வேண்டும், கூட்டு வேண்டும். ஆனால் கடலைச் சூடாக்கியதில் அப்போ மீனவனின் பங்கு எவ்வளவு, கப்பல் கப்பலாக நிலக்கரி எரித்தவர்களின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் ஹேக்கில் கேட்ட அதே பதில்தான் வரும்: நாங்கள் பல பேர், எங்களில் ஒருத்தரை மட்டும் எப்படிப் பிடிப்பாய்? 1992ல் அந்த நீதிமன்றம் சொன்ன பதில் இன்னும் செல்லும். பிடிக்கலாம்.

அடுத்த மாநாட்டில் கூட்டுக்கு எந்த அடை போடுவார்களோ தெரியாது. ஒப்பந்தத் தாளைக் கொடுத்தால் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். தீவுக்காரரின் கையெழுத்துக்கு அங்கே இடம் விட்டிருக்கிறதா, அந்த இடம் காலியாக இருந்தால் வேலை நிற்குமா என்று பார்க்க.