தொழிலாசிரியர் பயிற்சி வரலாறு

தொழிலில் வல்லான் ஒருவன் அதனைக் கற்பிக்கவும் வல்லனென்று கருதுதல் உலகியல்பு. இங்கிலாந்து தேசத்தாரும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். பகலிற் பட்டறையில் உழைத்தவரே மாலை வகுப்பில் உபாத்தியாயராய் நின்றனர். போதனாமுறையை அவர்க்கு உணர்த்துவார் அரியர். 1944-இல் மக்நேர் குழுவார் ஆசிரியப் பயிற்சியை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். 1946-இல் போல்டன் நகரில் தொழிலாசிரியர்க்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரி தோன்றிற்று. ஆயினும் பயிற்சி அவரவர் விருப்பத்தைப் பொறுத்தே நின்றது.

2001-இல் தான் புதிதாய்ச் சேர்வோர்க்கு அது விதியாயிற்று. 2007-இல் அவ்விதி பின்னும் இறுகிற்று. கைத்தொழில் பயிலும் சிறார்க்கு நல்லாசிரியர் வேண்டாவோ? வேண்டுமென்றே நாம் துணிகின்றோம். ஆனால் லிங்பீல்டு பிரபுவின் தலைமையிற் கூடிய குழுவார் 2012-இல் வேறு கூறினர். 2013-இல் அவ்விதி நீக்கப்பட்டு, தகுதியை நிர்ணயிக்கும் பொறுப்பு அந்தந்தக் கல்லூரியிடமே விடப்பட்டது.