திண்ணையில் வைத்த சரக்கு

2018 ஜூலையில் ஐபிஎம்மின் இந்திய லினக்ஸ் குழுவிலிருந்து நான்கு பேட்ச்கள் கொண்ட ஒரு வரைவு கெர்னல் உலகின் பார்வைக்குப் போனது. மெய்நிகர் இயந்திரத்தின் பாவனைச் சாதனங்களை இயக்கும் விர்ட்டியோ டிரைவர்கள் எல்லாமே இனி டி.எம்.ஏ. இடைமுகத்தின் வழியாகத்தான் நினைவக முகவரிகளைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒட்டடை அடிக்கும் வேலை. அந்த வடிவில் அது ஏற்கப்படவும் இல்லை. ஆனாலும் பாதுகாக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரங்களின் வரலாற்றில் அந்த வரைவுக்கு ஓர் இடம் உண்டு என்பேன். நினைவகத்தின் எந்தப் பக்கத்தை வெளியாள் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியை அது நேராக எழுப்பியது. பின்னால் வந்த விடைகள் பலவும் அது காட்டிய திசையிலேயே போயின.

அந்தக் குழுவின் ஊரான பெங்களூருக்கு இது திடீரென்று வாய்த்த அக்கறை அல்ல. 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறிய ஐபிஎம், 1992-ல் டாடாவுடன் கைகோத்து இந்த ஊர் வழியாகத்தான் திரும்பியது. அடுத்த பத்தாண்டில் இங்குள்ள பொறியாளர்களின் கை கெர்னலின் அடிவயிறு வரை போனது. 2002-ல் லினக்ஸில் சேர்ந்த ஆர்.சி.யு., 2004-ன் கேப்ரோப்ஸ், 2005-ன் கேடம்ப் ஆகிய மூன்றிலும் அவர்களின் உழைப்பு உண்டு. (கால்சென்டர் ஊர் என்று எழுதிப் பழகிய பத்திரிகைகள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.) இவற்றில் கேடம்ப் நம் பேச்சுக்கு நெருக்கமானது. ஒரு கெர்னல் செத்து விழுந்தால், முன்பே ஒதுக்கி வைத்த ஓரத்திலிருந்து இன்னொரு கெர்னல் எழுந்து, செத்ததன் நினைவகத்தை வாசித்துப் பதிவு செய்யும். அங்கே பாடுபட்டது நினைவகத்தை வாசிக்க விடுவதற்கு. 2018-ல் வந்த கவலை அதற்கு நேர் எதிரானது.

விர்ட்டியோ 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24-இல் இடம்பெற்றது. உண்மையான வட்டுக்கோ வலையட்டைக்கோ டிரைவர் ஒரு முகவரி கொடுக்கும்போது இடையில் டி.எம்.ஏ. இடைமுகம் நிற்கும், அந்தச் சாதனம் எதைத் தொடலாம், எந்த முகவரியில் தொடலாம் என்று கணக்குப் பார்க்கும். விர்ட்டியோவின் சாதனமோ பாவனை; அதன் பின்னால் இருப்பது மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ஹைப்பர்வைசர். கெஸ்ட்டின், அதாவது மெய்நிகர் இயந்திரத்தின், நினைவகம் முழுவதும் அதன் கையில்தான் இருந்தது. எனவே கெஸ்ட், தன் பௌதிக முகவரியை அப்படியே நீட்டியது. இதை அலட்சியம் என்று இன்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு மாற்றுச்சாவியையும் வைத்திருக்கிற பெங்களூர் வீட்டுக்காரரிடமிருந்து சமையலறையை மட்டும் பூட்டி வைப்பதில் என்ன பொருள்? அந்தக் காலத்துக்கு அது நியாயமான வழக்கம்.

சாவி கைமாறியபோதுதான் வழக்கம் இடித்தது. 2017-ல் வந்த ஏ.எம்.டி. எபிக் சில்லுகள் கெஸ்ட்டின் நினைவகத்தைத் தனிச் சாவியால் மறையாக்கம் செய்யத் தொடங்கின. ஐபிஎம்மின் பவர் கணினிகளிலோ ஹைப்பர்வைசருக்கும் மேலே அல்ட்ராவைசர் ஒன்று உட்கார்ந்து கதவடைக்க இருந்தது. இனி கெஸ்ட் நீட்டும் முகவரி ஹைப்பர்வைசருக்குப் பயன்படாது. கிடைத்த பரிகாரம் பழைய சரக்கு: பவுன்ஸ் பஃபர். ஐ.எஸ்.ஏ. அட்டைகளால் 16 எம்.பி.க்கு மேல் எட்ட முடியாத நாளிலும், பிறகு 32 பிட் சாதனங்களுக்கு 4 ஜி.பி.க்கு மேல் எட்டாத நாளிலும், தரவைத் தாழ்ந்த முகவரிக்கு நகலெடுத்துக் கொடுக்க வைத்திருந்த உபாயம் அது. லினக்ஸில் அதன் வழக்கமான அளவு 64 எம்.பி. இப்போது அது வீட்டுத் திண்ணை ஆனது. வந்தவர் சரக்கைத் திண்ணையில் வைப்பார், வீட்டார் எடுத்து உள்ளே போவார். வெளியே போவதும் அப்படியே. கைக்கு எட்டாததால் போட்ட திண்ணை, ஆளை உள்ளே விடாமலிருக்கப் பயன்பட்டது.

சரக்கைத் திண்ணையில் வைக்கச் சொல்வது யார் என்பதில்தான் வழக்கு. 2016 முதல் விர்ட்டியோவில் ஒரு கொடி உண்டு. சாதனத்தை அமைக்கும் ஹோஸ்ட் (ஹைப்பர்வைசரின் தரப்பு) அதை முன்வைத்தால் கெஸ்ட் டி.எம்.ஏ. இடைமுகத்தைப் பயன்படுத்தும். பவரில் ஒரு சிக்கல்: கெஸ்ட் சாதாரண இயந்திரமாகவே எழுந்து, பாதி வழியில்தான் தன்னைப் பாதுகாப்பானதாக மாற்றச் சொல்லிக் கேட்கும். சாதனங்களை அமைக்கும் நேரத்தில் ஹோஸ்ட்டுக்கு அது தெரியாது. ஆகவே முடிவைக் கெஸ்ட்டிடமே விடுங்கள் என்றது வரைவு. எல்லா விர்ட்டியோ டிரைவருக்கும் இது வேகத்தைக் குறைக்கும் என்ற மறுப்பு வந்தது. ஸ்பெக்டர் என்ற சில்லு ஓட்டை வெளியான ஆண்டு அது; அதைத் தடுக்கப் போய், டி.எம்.ஏ. இடைமுகம் நம்பியிருந்த மறைமுக அழைப்பு ஒவ்வொன்றும் விலை ஏறியிருந்தது. நியாயமான மறுப்புதான், ஆனால் நிலைக்கவில்லை. 2019 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.0, நேரடி டி.எம்.ஏ.வுக்கு அந்த மறைமுக அழைப்பையே நீக்கிவிட்டது.

இன்னொரு மறுப்பு வலுவானது. கொடிதான் இருக்கிறதே, ஹோஸ்ட் அதைப் போடட்டும். போடாவிட்டால் சாதனம் வேலை செய்யாது, அவ்வளவுதான், ரகசியம் கசியாது. நடைமுறை இந்த வழியில்தான் போனது. ஹோஸ்ட்டில் சாதனங்களைப் பாவனை செய்யும் கியூஎமு, 2021-ன் 6.0 பதிப்பில், பாதுகாக்கப்பட்ட கெஸ்ட்டுக்கு அந்தக் கொடியைத் தானே போட்டுக்கொடுத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. 2020-ல் ஐபிஎம் இசட் பெருங்கணினிக்கான கெர்னலில், கொடி இல்லாத சாதனத்தைக் கெஸ்ட்டே மறுக்கும் சோதனை சேர்ந்தது. 2021-ல் இன்னும் ஆழமான ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டது. டிரைவர் தான் எழுதிய முகவரியையும் நீளத்தையும், கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் தொடக்கூடிய வளையத்திலிருந்து திரும்பப் படித்து வந்தது. இடையில் ஹோஸ்ட் மாற்றி எழுதினால் அதை நம்பும். இனி தன் சொந்தப் பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். கொடி பறந்த பிறகும் வீட்டுக்காரர் எழுதியதே கணக்கு என்ற பழைய நம்பிக்கை உள்ளே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

திண்ணை வழியான இந்த நகலெடுப்பு வெறும் தற்காலிக ஏற்பாடு என்பாரும் உண்டு. பிசிஐ தரத்தில் 2022-ல் வந்த ஏற்பாடு, மெய்யான சாதனம் தன் அடையாளத்தை நிரூபித்தால் கெஸ்ட்டின் உள்நினைவகத்தை நேராகத் தொட வழி செய்கிறது. சான்றிதழ் காட்டினால் அடுப்படி வரை வரலாம். பாவனையான விர்ட்டியோ சாதனத்துக்குச் சான்றிதழ் வாங்கச் சில்லு கிடையாது. அதைப் பாவனை செய்வது கெஸ்ட் நம்பக்கூடாத அதே ஹோஸ்ட். அதற்கு இப்போதும் திண்ணைதான்.