வேரிநாக் நீரூற்று

காஷ்மீரப் பள்ளத்தாக்கின் தென்கோடியில், பீர் பஞ்சால் மலைத்தொடர் பானிஹால் கணவாயை நோக்கி ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஊற்று. ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், அனந்தநாக் மாவட்டத்தில் உள்ளது. வடநூல்கள் விதஸ்தா என்று போற்றும் ஜீலம் நதியின் உற்பத்தி ஸ்தானம் இதுவே என்பது பிரசித்தம். மலைமேல் பெய்த மழையும் உருகிய பனியும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடிவாரத்தில் வெளிப்படுவதால், கோடையிலும் இவ்வூற்று வற்றுவதில்லை.

நாகங்கள் நீர்நிலைகளில் வாசம் செய்யும் தேவதைகள் என்பது காஷ்மீரத்தாரின் புராதன நம்பிக்கை; அந்நாகங்களுக்கெல்லாம் அரசனான நீலனின் இருப்பிடமே இவ்வூற்று. கசியபரின் வேண்டுகோளுக்கிணங்கிப் பார்வதிதேவி நதியாக அவதரிக்க இசைந்தபோது, சிவபெருமான் நீலனுடைய இருப்பிடத்தருகே தம் சூலத்தால் ஒரு சாண் அளவுக்குப் பூமியைப் பிளக்க, அந்தத் துவாரத்தின் வழியே விதஸ்தை வெளிப்பட்டாள் என்பது நீலமத புராணம் கூறும் வரலாறு. 12-ஆம் நூற்றாண்டில் இராஜதரங்கிணி இயற்றிய கல்ஹணரும் தம் நாட்டை வருணிக்கப் புகுந்தவுடன் நீலனையும் அவனது ஊற்றையும் நினைவுகூர்கிறார்.

மொகலாயர் வருகைக்கு முன்னரே இங்குக் கட்டடவேலை நடந்திருந்தது. அக்பரின் அமைச்சர் அபுல் பஸல் தமது அயினி அக்பரியில், நுரைத்துப் பேரிரைச்சலோடு பொங்கும் இக்குளத்தைச் சுற்றிக் கற்கரையும், அதன் கிழக்கே கற்கோயில்களும் இருந்தனவாகக் குறித்துள்ளார். ஆகவே, காட்டுச் சுனையாகக் கிடந்ததை ஜஹாங்கீர்தான் கண்டெடுத்தான் என்று வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் இன்று காண்போர் கண்ணைக் கவரும் வடிவத்தை அளித்தவன் அவனே. இளவரசனாக இருந்த காலத்திலேயே இங்கு ஒரு மாளிகை எழுப்ப ஆணையிட்டதாகவும், 1620-இல் மீண்டும் வந்தபோது அது நிறைவுற்றிருந்ததாகவும் தன் நினைவுக் குறிப்புகளில் அவன் எழுதியிருக்கிறான். எண்கோணமாகக் கட்டிய தடாகம். அதனைச் சூழ்ந்து 24 வளைவு மாடங்கள். அவற்றினிடையே கரும்பச்சையும் நீலமும் கலந்து, சலனமே இல்லாததுபோல் நிற்கும் நீர். அபுல் பஸல் கேட்ட இரைச்சல் இப்போது இல்லை. மீன்கள் திரும்பும்போதுதான் நீரின் ஆழம் தெரியும்.

சுவரில் பதித்த பாரசீகக் கல்வெட்டுக்கள் இரண்டு. முதலாவதன் இறுதிச் சொற்றொடரில் எழுத்துக்களுக்குரிய எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1029, அதாவது கி. பி. 1620, என்ற ஆண்டு கிடைக்கும். நம்மவர் கடபயாதி முறையில் ஆண்டைப் பொதிந்து வைப்பதை ஒத்த வித்தை இது. இரண்டாவது, ஷாஜஹானின் ஆணைப்படி ஹைதர் என்பவன் கால்வாயும் நீர்வீழ்ச்சிகளும் அமைத்த செய்தியைக் கூறுவது. தடாகத்தினின்று நேர்கோடாக ஓடும் அக்கால்வாய் சுமார் 300 மீட்டர் நீளமுடையது. 1627-இல் காஷ்மீரத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஜஹாங்கீர், தன்னை வேரிநாக்கிலேயே அடக்கம் செய்ய விரும்பினான் என்று கூறுவதுண்டு. அவனது சமாதி அமைந்ததோ லாகூரை அடுத்த ஷாதராவில்.

ஜீலத்தின் மூலம் வேரிநாக் ஒன்றே என்பது பூகோளத்தைவிட அரசகௌரவத்திற்கே அதிகம் கடமைப்பட்ட கருத்து. சாந்திரன், பிரிங்கி, அரபத் முதலிய ஓடைகள் அனந்தநாக்கை அடுத்து ஒன்றுகூடிய பின்னரே அது நதியென்னும் தகுதியை எய்துகிறது. பழைய மரபும் வேறோர் இடத்தையே சுட்டுகிறது: வேரிநாக்கிற்கு வடமேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் வேதவுதூர் என்னும் சிற்றூரின் ஊற்றை விதஸ்தையின் பிறப்பிடமாக வணங்குவோர் உண்டு. அசோகன் ஸ்தூபங்கள் எழுப்பியதாகக் கல்ஹணர் கூறும் விதஸ்தாத்ரம் என்ற ஊர் இதுவே என ஆரல் ஸ்டைன் நிர்ணயித்தார். நதியின் ஜன்மதினத்தைக் காஷ்மீரப் பண்டிதர்கள் பாத்ரபத மாதத்துச் சுக்லபக்ஷத் திரயோதசியில் கொண்டாடுவர்.

பானிஹாலில் 1956-இல் ஜவாஹர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து ஜம்முவிலிருந்து வருவோர்க்கு வேரிநாக் எளிதில் எட்டும் இடமாயிற்று. மாடங்களைப் பார்த்துவிட்டு வண்டியேறத் துடிக்கும் யாத்திரிகர்கள் அந்த ஒரு மைலையும் நடந்து வேதவுதூரையும் கண்டு செல்வார்களாக.