எரியூட்டு நிலையமும் சட்டமும்: பிரித்தானிய நாட்டு வரலாறு

இறந்தோர் உடலை எரியூட்டுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பிரித்தானிய நாட்டிலோ பல நூற்றாண்டுகளாகப் புதைத்தலே பெருவழக்காயிருந்தது. கி. பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எரியூட்டல் அங்கு மீண்டும் தலையெடுத்தபொழுது, அதனை விதிக்கும் சட்டமும் இல்லை. விலக்கும் சட்டமும் இல்லை. இன்றோ எரியூட்டு நிலையத்தின் இடம், உலையின் வெப்பம், புகையின் தூய்மை ஆகிய யாவும் விதிகளுக்கு உட்பட்டுள்ளன. இவ்விதிகளின் தோற்றத்தை ஆராயின், இரண்டு அச்சங்கள் அவற்றிற்கு அடிப்படையாய் நிற்றல் புலனாகும். கொலைக்குச் சான்றாகும் உடல் தீயில் மறைந்துவிடும் என்பது ஒன்று. புகை வாழ்வோரை வருத்தும் என்பது மற்றொன்று. இவை விதிகளாய் உருப்பெற்ற வரலாற்றையும், அவ்விதிகள் ஈமச்சடங்கு உரிமையோடு முரணியவிடத்து விளைந்த முடிவையும் ஈண்டு ஆராய்வாம்.

கி. பி. 1873-இல் வியன்னா நகரில் நிகழ்ந்த பொருட்காட்சியில், பதுவா நகரத்துப் பேராசிரியர் புருனெட்டி அமைத்த எரியுலையின் மாதிரியைச் சர் ஹென்றி தாம்சன் என்னும் அறுவை மருத்துவர் கண்டார். மக்கள் நலத்திற்கு எரியூட்டலே ஏற்றது எனக் கருதிய அவர், நண்பர் சிலரோடு கூடி 1874-இல் எரியூட்டற் கழகத்தை நிறுவினார். கழகத்தார் வோக்கிங் என்னும் ஊரில் நிலம் வாங்கி உலை அமைத்து, 1879 மார்ச்சு 17-இல் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தனர். ஊரார் எதிர்த்தனர். நஞ்சாலோ வன்முறையாலோ இறந்தாரது உடல் சாம்பலாயின் குற்றம் வெளிப்படாது என அஞ்சிய உள்துறை அமைச்சர் சர் ரிச்சர்டு கிராஸ், பாராளுமன்றம் இசையும்வரை எரியூட்டல் கூடாது எனத் தடுத்தார்.

வழி திறந்தது ஒரு வழக்கினால். 1884 சனவரியில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வில்லியம் பிரைஸ் என்னும் முதிய மருத்துவர், இறந்த தம் கைக்குழந்தையின் உடலைக் குன்றின்மேல் எரியூட்ட முற்பட்டார். மக்கள் திரண்டு தடுத்தனர், வழக்கும் தொடரப்பட்டது. கார்டிப் நகரில் அதனை விசாரித்த நீதிபதி ஸ்டீபன், பொதுமக்களுக்குத் தொல்லை விளையாதவாறு செய்யப்படும் எரியூட்டல் குற்றமன்று எனத் தெளிவுறுத்தினார். சட்டம் விலக்காத ஒன்றைக் குற்றமெனல் பொருந்தாது என்பது இம்முடிவின் அடிப்படை. எனினும், தொல்லை விளைதல் ஆகாது என்னும் வரையறையும் அதனோடு உடன்பிறந்தது. பிற்காலச் சூழற்பாதுகாப்பு விதிகளுக்கு அதனையே வித்து எனலாம்.

1885 மார்ச்சு 26-இல் வோக்கிங் நிலையத்தில் முதன்முதலாக மனித உடல் எரியூட்டப்பெற்றது. அரசு வற்புறுத்தாதிருந்தும், கழகத்தார் தமக்குத் தாமே கட்டுப்பாடுகள் வகுத்துக்கொண்டமை போற்றற்குரியது. உரியவர் எழுத்து வாயிலாக விண்ணப்பித்தல் வேண்டும். மருத்துவர் இருவர் சான்று தருதல் வேண்டும். மருத்துவம் பார்த்தவர் எவரும் இலராயின் பிணப்பரிசோதனை நிகழ்தல் வேண்டும் என்பன அவை. இந்நெறியே 1902-ஆம் ஆண்டு எரியூட்டற் சட்டத்தின்வழி அமைந்த விதிகளுக்கு முன்மாதிரியாயிற்று. அச்சட்டம் இடத்தையும் வரையறுத்தது. குடியிருப்பு வீட்டிலிருந்து 200 கெசத் தொலைவிற்குள், அவ்வீட்டின் உரிமையாளரும் குடியிருப்போரும் எழுதி இசைந்தாலன்றி நிலையம் அமைத்தலாகாது. பொதுச்சாலையிலிருந்து 50 கெசத்திற்குள் எவ்வாற்றானும் ஆகாது.

தொலைவு ஒன்றே வாழ்வோரைக் காக்கும் என அக்காலத்தார் எண்ணினர் போலும். புகை எல்லைக் கோட்டோடு நில்லாது என்பதனைப் பிற்கால அறிவியல் உணர்த்திற்று. 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எரியூட்டு நிலையங்கள் உள்ளாட்சி மன்றங்களின் இசைவு பெற்றே இயங்கலாயின. உலையில் எழும் வளிமங்கள் மற்றோர் அறையில் மிகுந்த வெப்பத்தில் மீண்டும் எரிக்கப்பெறுகின்றன. ஆயினும் பாதரசம் எரிந்தழியும் பொருளன்று. பற்குழிகளை அடைத்த பாதரசக் கலவை உலைவெப்பத்தில் ஆவியாய்ப் புகையொடு கலந்து, நீர்நிலைகளையடைந்து மீனில் சேர்கின்றது. ஆதலின் 2012-ஆம் ஆண்டின் இறுதிக்குள் இவ்வெளியீட்டைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும் என அரசு விதித்தது. புகையைக் குளிர்வித்துக் கிளர்வுற்ற கரியின்வழிச் செலுத்திப் பாதரசத்தைப் பிரிக்கும் கருவிகள் பல நிலையங்களில் அமைந்தன. கருவி அமைக்காத நிலையங்கள், அமைத்தவற்றின் செலவில் பங்கேற்கவும் ஏற்பாடு செய்யப்பெற்றது.

இனிச் சடங்குரிமையை நோக்குவாம். முதல் உலகப்போரில் காயமுற்று இங்கிலாந்திலே உயிர்நீத்த இந்து, சீக்கிய வீரர் ஐம்பத்து மூவர் உடல்கள் பிரைட்டன் நகரை அடுத்த குன்றில் திறந்த வெளியில் எரியூட்டப்பெற்றன. 1921-இல் அவ்விடத்தில் 'சத்ரி' என்னும் நினைவுமண்டபம் திறக்கப்பெற்றது. ஆனால் தேவேந்தர் காய் என்னும் இந்துப் பெரியவர், தம் இறுதிச்சடங்கு விறகுச் சிதையில் நிகழ நியூகாசில் நகர மன்றத்தின் இசைவை வேண்டியபொழுது, மன்றம் மறுத்தது. 2009-இல் உயர்நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளிற்று. மேன்முறையீட்டில் வழக்குமுழுதும் ஒரு சொல்லைச் சார்ந்து நின்றது. எரியூட்டு நிலையமாவது உடலை எரித்தற்குரிய அமைப்புக்கள் பொருந்திய 'கட்டடம்' என்பது 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை. சுவரும் கூரைத்திறப்பும் உடையதாய், கதிரொளி உடல்மேல் படுமாறு அமைந்தது கட்டடம் ஆகுமா? அச்சொல்லுக்குக் குறுகிய பொருள் கொள்ளற்க என 2010 பிப்ரவரி 10-இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. நிலப்பயன்பாட்டு இசைவும் காற்றுத்தூய்மை விதிகளும் அத்தீர்ப்பால் நீங்கவில்லை என்பதும் நினையத்தக்கது.

முதல் அச்சத்தின் பிற்கால நிலையும் அறியற்பாலது. 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் இரண்டாம் மருத்துவர் சான்று கைவிடப்பெற்றது; பின்னர் அது மீளவில்லை. 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மரண விசாரணை அதிகாரிபால் செல்லாத இறப்பு ஒவ்வொன்றையும், எரித்தற்காயினும் புதைத்தற்காயினும், தனி மருத்துவ ஆய்வாளர் ஆராய்தல் கட்டாயமாயிற்று. எரியூட்டலைத் தனியே ஐயுற்ற காலம் இவ்வாறு கழிந்தது. ஐயம் தந்த பாதுகாப்போ அனைவர்க்கும் உரியதாயிற்று.

இவற்றால் பெறப்படுவது யாது? சான்றிதழ் இறந்தார்க்குச் செய்யும் நீதி. புகைவிதி இருப்பார்க்குச் செய்யும் நீதி. இவ்விரண்டையும் நிறைவேற்றிய வழி, சடங்கின் வடிவத்தைச் சட்டம் குறுக்க வேண்டுவதில்லை. ஒரு விதி எவ்வச்சத்தினின்று தோன்றிற்று என்பதனை அறிந்தார்க்கே, அது காக்க வேண்டுவது எது, விட்டுக்கொடுக்கத்தக்கது எது என்பது விளங்கும்.