படவில்லையும் வினைமுற்றும்: நிகழ்த்துகை மென்பொருளின் வரலாறு குறித்துச் சில மொழியியல் குறிப்புகள்

மொழிபெயர்ப்பாளர்களுக்கென நடத்தப்பெறும் கணினிப் பயிற்சிகளில் நிகழ்த்துகை மென்பொருளுக்குப் பெரும்பாலும் அரைநாளே ஒதுக்கப்பெறுகிறது. கற்பதற்கும் அதில் அதிகம் இல்லை. திரையின் மேற்புறம் ஒரு பெட்டி, அதன் கீழே சற்றுப் பெரிய மற்றொரு பெட்டி. மேற்பெட்டியில் தலைப்பை இடவேண்டும். கீழ்ப்பெட்டியில் புள்ளியிட்ட வரிகளை இடவேண்டும். தத்தல் விசையை அழுத்தினால் வரி ஒரு படி உள்ளே தள்ளிச் சிறிய எழுத்தாகும். இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இவ்விரு பெட்டிகள் எங்கிருந்து வந்தன, அவற்றுள் அடைக்கப்பெறும்போது தமிழ்த் தொடருக்கு என்ன நேர்கிறது என்னும் வினாக்கள் அப்பயிற்சிகளில் எழுவதில்லை. இத்தகைய வகுப்புகளைப் பல ஆண்டுகள் நடத்திய நானும் அவற்றை எழுப்பியதில்லை. இக்கட்டுரை அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சியாகும்.

விளக்கும் கண்ணாடித் தகடும்

ஒளியின் முன் ஓவியத்தை வைத்து அதன் உருவைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் மாய விளக்கினை, டச்சு அறிஞர் கிறித்தியான் ஐகன்சு 1659ஆம் ஆண்டளவில் அமைத்தார். கண்ணாடியில் தீட்டிய ஓவியத்தை விளக்கின் பக்கவாட்டுப் பள்ளத்தில் நகர்த்திச் செருகுவர். நகர்த்துதல் என்னும் வினையே நகர்த்தப்பெறும் பொருளுக்கும் பெயராகி ஆங்கிலத்தில் 'ஸ்லைடு' ஆயிற்று. இந்தியாவில் இக்கருவி மேலைநாட்டார் கையோடு நின்றுவிடவில்லை. மும்பையை அடுத்த கல்யாணில் மகாதேவ் பட்வர்த்தனும் அவர்தம் மக்களும் 1890களில் கண்ணாடித் தகடுகளில் புராணக் கதைகளைத் தீட்டி, உரையாடலும் இசையும் சேர்த்து ஊர்தோறும் காட்டினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சாம்பரிக் கரோலிகா'. அயல்நாட்டுக் கருவியொன்றுக்கு உள்நாட்டுப் பெயர் படைக்கும் தேவையை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தமை கலைச்சொல் வரலாறு எழுதுவோர் கவனிக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் கண்ணாடித் தகட்டின் இடத்தை 35 மில்லிமீட்டர் படச்சுருளின் துண்டு பிடித்தது. சட்டமிட்ட அத்துண்டுகளை வட்டத் தட்டில் அடுக்கி ஒவ்வொன்றாய் வீழ்த்தும் கோடக் நிறுவனத்தின் 'கரூசல்' கருவி 1960களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனம் படவீழ்த்திகள் செய்வதை 2004இல் நிறுத்தியது. நம் கல்லூரிகளிலோ 'ஓ.எச்.பி.' எனச் சுருக்கி வழங்கப்பெற்ற கருவியே பெருவழக்குப் பெற்றது. ஒளிபுகும் நெகிழித் தாளில் மை எழுதுகோலால் எழுதி அதன்மேல் வைப்பர். எழுதியதை எச்சில் தொட்டு அழித்துத் திருத்திய பேராசிரியர்களிடம் கற்ற தலைமுறையினர் இன்னும் பணியில் உள்ளனர்.

இத்தாள்களை அச்சிட்டுத் தரும் மென்பொருளாகவே 'பவர்பாயிண்ட்' தோன்றியது என்பதை இன்று பலர் அறியார். இதன் முதல் கருத்துரு 1984இல் இராபர்ட் காசுகின்சு என்பாரால் கலிபோர்னியாவின் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில் உருவாயிற்று. நிரலாக்கத்தில் தென்னிசு ஆசுடினும் தாமசு ரட்கினும் பங்குகொண்டனர். முதலில் இட்ட 'பிரசெண்டர்' என்னும் பெயர் வேறொருவரின் வணிகக் குறியாக இருந்தமையால் கைவிடப்பெற்றது. 1987 ஏப்பிரலில் மெக்கின்டாசு கணினிக்கென வெளிவந்த முதற்பதிப்பு கறுப்பு வெள்ளைப் பக்கங்களையே அச்சிட்டது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1.4 கோடி டாலருக்கு ஃபோர்தாட்டை வாங்கியது. 1988இல் வண்ணமும் 35 மில்லிமீட்டர் வில்லைகளும், 1990இல் விண்டோசுப் பதிப்பும் வந்தன. கணினியிலிருந்து நேரே திரையில் காட்டும் வசதி 1992இன் மூன்றாம் பதிப்பிற்குப் பின்னரே பரவியது. 'ஹார்வர்டு கிராபிக்ஸ்', 'பெர்சுவேஷன்' முதலிய போட்டி மென்பொருள்கள் அக்காலத்தில் இருந்தன. அவற்றின் பெயர்களும் இன்று வழக்கிறந்தன.

நம் துறையினர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. காசுகின்சு வணிகக் கல்வியிலிருந்து வந்தவர் அல்லர். பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், மொழியியல், கணினியியல் ஆகிய மூன்றையும் இணைத்து ஆய்வு மேற்கொண்டவர். மானிடவியற் புலங்களுக்கான 'ஸ்னோபால்' நிரல்மொழி குறித்து 1972இல் வெளிவந்த நூலின் இணையாசிரியர். அவர் வடிவமைத்த மென்பொருள் பக்கத்தைப் படமாகக் கருதாமல், தலைப்பு, உடல், உட்படி எனப் படிநிலை கொண்ட உரையாகக் கருதியது. அதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

வில்லை, நிகழ்த்துகை, காட்சி

தமிழில் 'ஸ்லைடு' என்பதற்குப் 'படவில்லை' நிலைபெற்றுவிட்டது. வில்லை என்பது வட்டமாகவோ தட்டையாகவோ அமைந்த சிறு துண்டு. மருந்து வில்லை, ஓட்டு வில்லை, சேவகர் மார்பில் அணிந்த வில்லை எனப் பலவற்றுக்கும் இச்சொல் வழங்கியுள்ளது. ஆங்கிலம் பொருளின் அசைவைப் பெயராக்கியது. தமிழ் அதன் வடிவைப் பெயராக்கியது. சட்டமிட்ட படச்சுருள் துண்டுக்கு இப்பெயர் மிகப் பொருந்தியது. கணினித் திரையில் வடிவும் இல்லை, அசைவும் இல்லை. இரு மொழிகளிலும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இங்கே சிறு சிக்கலும் உண்டு. இயற்பியலில் வில்லை என்பது ஒளியைக் குவிக்கும் ஆடியாகும். படவீழ்த்தியின் உள்ளே இருவகை வில்லைகளும் இருந்தமையால் 'பட' என்னும் முன்னொட்டு தவிர்க்க இயலாததாயிற்று.

பொதுமக்கள் வழக்கு இச்சிக்கலுக்குள் புகவில்லை. தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் இடைவேளையில் உள்ளூர் நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்களை 'ஸ்லைடு போட்டார்கள்'. இன்று கருத்தரங்கில் 'பி.பி.டி. போடுகிறார்கள்'. 'படம் போடு' என்னும் பழைய கூட்டுவினையின் தொடர்ச்சியே இது.

'பிரசெண்டேஷன்' என்பதற்கு வழங்கும் சொற்களோ இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நிகழ்த்துகை, நிகழ்த்துதல், முன்வைப்பு, விளக்கக்காட்சி ஆகிய நான்கும் வழக்கில் உள்ளன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது பிழை. 'நிகழ்த்து' என்னும் வினை நம் மொழியில் உரை, சொற்பொழிவு ஆகியவற்றையே இயல்பான செயப்படுபொருளாக ஏற்கிறது. எனவே 'நிகழ்த்துகை' பேச்சின் பக்கம் நிற்கிறது. 'விளக்கக்காட்சி' கண்ணின் பக்கம் நிற்கிறது. 'முன்வைப்பு' ஆங்கிலச் சொல்லின் நிழல். மொழிபெயர்ப்பாளருக்கு இடர் நேர்வது இச்சொல் செயலைக் குறிக்காமல் கோப்பைக் குறிக்கும்போதுதான். 'நிகழ்த்துகையை அனுப்பிவைக்கவும்' எனில் செயலை எவ்வாறு அனுப்புவது என்னும் தடை எழுகிறது. 'விளக்கக்காட்சியை அனுப்பிவைக்கவும்' எனில் அத்தடை இல்லை. கோப்பு கையிலிருந்தால் கேட்டது போலவே என்னும் எண்ணம் பரவிய காலத்தில் காட்சி என்னும் சொல் முந்தியது வியப்பன்று. நான் இக்கட்டுரையில் நிகழ்த்துகை என்பதையே ஆள்கிறேன். பேசுபவரை விட்டுவிட மனம் வரவில்லை.

வினைமுற்று எங்கே?

பயிற்சியில் எழுந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். ஓர் அலுவலகம் தன் பணிகளைப் பற்றி அளித்த படவில்லையில் நான்கு வரிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று 'கலைச்சொற் பட்டியல் திருத்துதல்'. இதனை ஆங்கிலத்தில் பெயர்க்குமாறு கேட்டபோது, வகுப்பிலிருந்தோரில் சிலர் பணி முடிந்துவிட்டது என்று பெயர்த்தனர். சிலர் நடந்துகொண்டிருக்கிறது என்றனர். ஒருவர் இனிமேல் செய்யவேண்டியது என்று கொண்டார். மூவரும் பிழை செய்யவில்லை. '-தல்', '-கை' ஈற்றுத் தொழிற்பெயர்கள் காலம் காட்டா, வினைமுதலையும் காட்டா. எழுதிய அலுவலரை வினவியதில், அப்பணி தொடங்கப்பெறவே இல்லை என்று தெரியவந்தது.

வினையின்றித் தொடர் அமைவது தமிழுக்குப் புதிதன்று. பெயர்ப் பயனிலைத் தொடர்கள் நம் இலக்கணத்தில் முறைப்படி இடம்பெற்றவை. எனவே புள்ளி வரிகளால் தமிழ் கெடுகிறது என்னும் பொதுக் குற்றச்சாட்டு எனக்கு உடன்பாடன்று. இழப்பு வேறிடத்தில் உள்ளது. நம் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்பது. காலம், எண், இடம், பால் அனைத்தையும் தாங்குவது. அதனைத் தொடர்ந்து 'என்று', 'என', 'போலும்', 'ஆம்' முதலியன வந்து, கூற்று யாருடையது, எவ்வளவு உறுதியானது என்பவற்றைத் தெரிவிக்கும். இடப் பற்றாக்குறையால் வரியின் கடைசியை வெட்டும்போது ஆங்கிலத்தில் பெரும்பாலும் துணைத்தொடர் போகிறது. தமிழிலோ தொடரின் தலையே போகிறது. தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்பவை. ஆங்கிலத்துக்கென அளந்த பெட்டியில் அவை அடங்கா. மென்பொருள் தானே எழுத்தைச் சிறிதாக்குகிறது; எழுதுபவர் அது பொறாமல் வினையை நீக்குகிறார்.

சுருக்கம் ஒன்றே குற்றமாயின் நூற்பாக்களும் குற்றமுடையனவாதல் வேண்டும். சிறு ஆடி பேருருவைக் காட்டுவது போலச் சில எழுத்துகளில் பல பொருளை அடக்குவதே நூற்பாவின் இலக்கணமாகச் சொல்லப்பெறுகிறது. அதுவும் தனித்து நிற்பதன்று. உரையாசிரியரை வேண்டி நிற்பது, படவில்லை பேசுபவரை வேண்டி நிற்பது போல. இவ்வொப்புமை வகுப்பறையில் நன்கு எடுபடும். ஆயினும் தொல்காப்பியர் 'என்ப', 'மொழிப' என்னும் வினைமுற்றுகளுக்கு இடம் ஒதுக்கினார். எழுத்தெண்ணிச் சுருக்கிய நூலிலும் கூற்று எவருடையது என்னும் குறிப்பு வீண்செலவாகக் கருதப்பெறவில்லை. படவில்லையில் முதலில் வெட்டுப்படுவது அதுவேயாகும்.

இதன் விளைவு எத்துணைக் கடியதாகலாம் என்பதற்குப் பலரறிந்த சான்று கொலம்பியா விண்ணோடம். 2003 சனவரி 16ஆம் நாள் அது புறப்பட்டபோது எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடச்சிறகைத் தாக்கியது. ஓடம் பறந்துகொண்டிருக்கையில், சேதம் குறித்துப் பொறியாளர்கள் படவில்லைகளாக அறிக்கை அளித்தனர். அவற்றுள் ஒன்றன் தலைப்பு, ஆய்வுத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்வதாகப் படிப்போரை எண்ணவைத்தது. 'குறிப்பிடத்தக்க' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் அதன் திரிபும் அவ்வொரு பக்கத்தில் ஐந்து முறை வந்தன. எவ்வளவு என்பது விளங்கவில்லை. தாக்கிய துண்டின் மதிப்பிட்ட கன அளவு 1920 கன அங்குலம், முன்னர்ச் சோதித்த துண்டின் அளவோ 3 கன அங்குலம் என்னும் செய்தி பக்கத்தின் அடியில், உட்படி வரியாக இருந்தது. பிப்ரவரி 1ஆம் நாள் ஓடம் சிதைந்து, கருணாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். எட்வர்டு டஃப்டி இப்படவில்லையைப் பகுத்து ஆராய்ந்தார். அவ்வாண்டு ஆகசுடில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை, தொழில்நுட்பக் கட்டுரைகளின் இடத்தில் படவில்லைகள் புகுந்துவிட்டமையைக் கண்டித்தது. விபத்துக்குக் காரணம் நுரைத்துண்டே, மென்பொருள் அன்று. ஆனால் அறுநூற்று நாற்பது மடங்கு என்னும் வேறுபாட்டை ஒரு வினைமுற்றுத் தொடராக எழுதியிருப்பின் அது பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்க முடியாது.

மென்பொருளே என்ன எழுதுவதென்று சொல்லிக்கொடுத்த காலமும் உண்டு. 1994 முதல் 2007இல் நீக்கப்பெறும் வரை, பவர்பாயிண்டில் உரையின் வகையைத் தெரிவு செய்தால் தலைப்புகளையும் புள்ளி வரிகளையும் தானே இட்டுத்தரும் உதவி இருந்தது. வகைகளுள் ஒன்று, கெட்ட செய்தியைத் தெரிவித்தல்.

எழுத்துருவின் கதை

இவையனைத்தும் எழுத்துத் திரையில் தெரிந்தால் பேசவேண்டியவை. தமிழ்ப் படவில்லைகளுக்கு நெடுங்காலம் அதுவே உறுதியில்லை. 1990களின் தமிழ் எழுத்துருக்கள் எட்டுத்துணுக்கு இடங்களில், உரோமன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமர்த்தியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாட்டரசு 'டாம்', 'டாப்' குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக்கியது; 'டிசுகி' அதற்கு இணையாக வழங்கியது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமிருந்தும், விண்டோசு 2000 வரும்வரை அலுவலகக் கணினிகளில் அது பயன்படும் நிலை ஏற்படவில்லை. அதன் பின்னரும் பழக்கம் மாறப் பத்தாண்டுகள் பிடித்தன.

ஆய்வு மாணவனாக இருந்த 2004இல், ஒரு தேசியக் கருத்தரங்கில் வட்டார வழக்கு வினைவடிவங்கள் குறித்து 22 படவில்லைகளுடன் சென்றேன். என் கணினியிலிருந்த எழுத்துரு அரங்கின் கணினியில் இல்லை. திரையில் தோன்றியவை புள்ளியும் கொம்பும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளின் கோவைகள். அவையில் எவரும் நகைக்கவில்லை. பலர் அதனை முன்பே அறிந்தவர்கள். கரும்பலகை இருந்தது, அன்று அதில் எழுதினேன். அக்கருத்தரங்கின் கட்டுரைகள் நூலாகவில்லை. அமைப்பாளர்கள் படவில்லைக் கோப்புகளையே தொகுத்துக் குறுவட்டாக வழங்கினர்.

அவ்வட்டை அண்மையில் திறந்து பார்த்தேன். கோப்புகள் திறந்தன, எழுத்துகள் திறக்கவில்லை. எழுத்துருவின் பெயரைக் கொண்டு குறியேற்றத்தை அறிந்து, மாற்றியின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவரச் சில கிழமைகள் ஆயின. பிறருடைய படவில்லைகளில் வரிகள் மீண்டும், வினைமுற்று இல்லாமையால் பேசியவர் எதனை நிறுவினார், எதனை மறுத்தார் என்பதை அறியக் கூடவில்லை. என் 22 படவில்லைகளில் 19 மீண்டன. எஞ்சிய மூன்றும் ஒலிப்பெயர்ப்புக் குறிகளுக்கென நண்பரொருவர் தாமே அமைத்துத் தந்த எழுத்துருவில் உள்ளவை. அவ்வெழுத்துருவின் படி அவரிடமும் இல்லை.